குடி, அடி, தெரு: மூன்றிலிருந்தும் ஒரு பெண் மீள்வது எப்படி?

தாம்பரம் ரயில் நிலையம் பக்கமோ ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலோ ஒரு பெண் போதையில் படுத்திருந்தால், ‘குடிச்சுக் குடிச்சே வீட்டை இழந்துட்டாங்க போல’ என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பல நேரங்களில் கதை வேறு. முதலில் வீட்டில் அடி. வலியை மறக்க, கொஞ்சம் தூங்க மது. பிறகு வீடே இல்லை. தெருவில் ராத்திரி பயத்துக்கு மறுபடியும் மது.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஆண்களில் 27.3%, பெண்களில் 1.6% பேர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

சிக்கல் எங்கே?

தங்க இடம் கேட்டால், ‘முதல்ல குடியை விட்டுட்டு வாங்க’. சிகிச்சை கேட்டால், ‘கூட யார் இருக்காங்க? வீடு எங்கே?’. இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவருக்குத் தெருதான் மிச்சம்.

எந்த நேரமும் அழைக்கக்கூடிய எண் 181. அங்கிருந்து, 2015-ல் தொடங்கிய ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். மருத்துவ உதவி, போலீஸ், சட்ட உதவி, கவுன்சலிங் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே திட்டம். ஆனால், அங்கே தங்க விதிப்படி அதிகபட்சம் 5 நாள்தான்.

உடனே நிறுத்தினால் நல்லதுதானே?

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என உயிருக்கே ஆபத்தான நிலையும் வரலாம். அதாவது, அந்த 5 நாளும் உடம்புக்கு மிக மோசமான நாள்கள். மருத்துவர் கண்காணிப்பு அவசியம். செங்கல்பட்டு, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அடையாறில், கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது.

குடிப்பவருக்குச் சட்டம் துணை வருமா?

வரும். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், குடிப்பழக்கம் உள்ளவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று எந்தப் பிரிவும் கிடையாது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைப் பிரிவு 17 தருகிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

அந்த 5 நாளுக்குப் பிறகு?

மீட்சி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில், கைவிடப்பட்ட பெண்கள் தங்கிப் படிக்க அரசு சேவை இல்லம் இருக்கிறது. ‘சக்தி சதன்’ இல்லங்களும் உண்டு. நியூயார்க்கில் 1992-ல் தொடங்கிய ஒரு முயற்சி, குடியை விடும்வரை காத்திருக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்தது. பெரும்பாலானோர் அந்த வீட்டில் தங்கிவிட்டார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு பயமில்லாமல் தூங்க முடிந்தால்தான் பழைய அடியைப் பற்றிப் பேசவே தெம்பு வரும். நடுவில் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டால், அதற்காக வெளியே அனுப்பக் கூடாது. சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

‘ஏன் குடிக்கிறீங்க?’ என்பதை அப்புறம் கேட்கலாம். முதலில், ‘இன்னைக்கு ராத்திரி எங்கம்மா தங்குவீங்க?’ என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் 181-ஐ அழையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416. கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் தெரிந்தால் யோசிக்காமல் 108.