ஜீப்பின் குட்டை லிவர்



எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் ஊரில் எந்த வண்டி நின்றாலும், "ஏப்பா இன்ஜினியரு, என்னான்னு பாரு" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன பொங்கல் லீவில் என் தாய்மாமா கூப்பிட்டார்.

மாமா மேலூர்ப் பக்கம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் ஓட்டுகிறார். போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனவர், இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வண்டியை மண்மேட்டில் முட்டி நிறுத்தியிருக்கிறார். உள்ளே ஏழு பேர். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. "பிரேக்கை மாத்தணுமாடா?" என்றார். நான் கேட்டது வேறு: "லோ போட்டீங்களா மாமா?"

"அது எதுக்குடா நம்ம ரோட்டுல?"

அவர் சொல்வதும் நியாயம்தான். யானைமலை மேலே யாரும் ஜீப் ஏற்றப் போவதில்லை. பெரிய கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டை லிவர்களையும் அவர் பல வருஷமாகத் தொட்டதே கிடையாது.

அந்த லிவர்கள் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸைச் சேர்ந்தவை. ஒன்று முன் சக்கரங்களுக்கும் ஓட்டம் கொடுக்கும். மற்றொன்று ஹை, லோ மாற்றும். மாமா வண்டி வில்லிஸ் சி.ஜே.3பி வகை. அதில் முதல் கியர் 2.8, ஆக்ஸில் 5.38. பெருக்கினால் 15. லோ போட்டால் இன்னொரு 2.46 சேர்ந்து 37 ஆகிவிடும்.

இன்ஜினின் அதிகபட்ச டார்க் 2,000 சுற்றில் சுமார் 15.8 கிலோகிராம் மீட்டர். உராய்வில் போவதைக் கழித்தால் ஹை முதல் கியரில் சக்கரத்துக்கு வரும் இழுவை ஏறக்குறைய 570 கிலோ. லோவில் 1,400 கிலோ. ஆளோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி, மூன்றடி நகர்ந்தால் ஓரடி உயரும் சரிவில் ஏற 500 கிலோ வேண்டும். கணக்குப்படி ஹையிலேயே ஏறிவிடும்! ஆனால் ஒரு கல் குறுக்கே வந்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஆகவே சரிவு தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, முதலில் போர் வீல், பிறகு லோ போட வேண்டும். பாதி மேட்டில் லிவரைத் தேடக் கூடாது. பொடிமண்ணில் முதல் கியர் சக்கரத்தைச் சும்மா சுழல விடும். அங்கே லோவில் இரண்டாம் கியரே நல்லது. ஏற முடியாமல் இன்ஜின் நின்றுவிட்டால் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பின்னுக்கு வாருங்கள்.

இதெல்லாம் ஏற்றத்துக்கு. மாமா மாட்டிக்கொண்டது இறக்கத்தில். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டிருக்கிறார். வண்டியின் மொத்த வேகத்தையும் பிரேக் ஷூ மட்டுமே தாங்க வேண்டியதாயிற்று. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. லோ முதல் கியரில் இன்ஜின் 2,000 சுற்று சுற்றினாலும் வண்டியின் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்தான். ஹையில் 18. ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். கிளட்சை மட்டும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்தப் பிடி போச்சு.

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, சுமார் 8,000 அடி உயரத்தில். ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. கரடுமுரடான அந்தப் பாதையில் ஜீப்தான் ஏறும். குட்டை லிவர் அந்த மாதிரி இடத்துக்கு உரியது. தார் ரோட்டில் போர் வீல் போட்டால், திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டயர் தேயும். அது வேண்டாம்.

மாமா வண்டியில் லிவர் அசையவே இல்லை. கீழே படுத்து, துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு, ஆயில் மாற்றி, இரண்டு நாள் போராடினேன். பிறகு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஏற்றி இறக்கிக் காட்டினோம். பிரேக்கைத் தொடாமலே வண்டி ஆமை மாதிரி இறங்கியது. அம்மா கரையில் நின்று பார்த்துக் கொண்டிருந்தது. இப்போது மாமா மாதம் ஒருமுறை லிவர் மறுபடி பிடித்துக் கொள்ளாமலிருக்க வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கி லோ போட்டுப் பார்க்கிறார்.