பனை மரம் மது தருமா?

பனை மரத்திலிருந்து மது வடிகிறதா?

மரத்திலிருந்து மது வடிகிறது என்று எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் சாமானியர் அல்ல. உலகம் சுற்றிய மார்க்கோ போலோ!

13-ம் நூற்றாண்டின் இறுதியில் அவர் சுமத்ரா தீவுக்கு வந்தார். அங்கே மக்கள் மரத்தின் கிளையை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பானையைக் கட்டினார்கள். அதில் வடிந்ததைக் குடித்தார்கள். அதை "ஒயின்" என்று அவர் எழுதினார்.

அவருடைய ஊர் வெனிஸ். இத்தாலி நாட்டு நகரம். இத்தாலியில் மது என்றால் திராட்சை மதுதான். தமக்குத் தெரிந்த படியைக் கொண்டே தெரியாத பொருளையும் அளந்துவிட்டார்!

அந்தப் பழக்கம் அவரோடு போகவில்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் இன்றும் கள்ளுக்குப் "பனை ஒயின்" என்றே பெயர்.

ஒரு சாலை, இரண்டு சட்டம்

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோட்டக்குப்பத்தில் வந்து கேட்டால் தெரியும்!

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் இந்த ஊர். இரண்டுக்கும் நடுவே மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் சட்டம் வேறு.

புதுச்சேரியில் உரிமம் பெற்ற கடையில் கள் விற்கலாம். சாராயமும் விற்கலாம். கோட்டக்குப்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கடை கிடையாது. கள் இறக்கினால் வழக்கு வரும்.

பதநீர் மது அல்ல. கைக்குழந்தையோடு வரும் தாயும் வாங்கிக் குடிக்கலாம். ஆகவே கலயத்தில் இருப்பது கள்ளா, பதநீரா என்பது பனையேறிக்கு வெறும் சொல் விவகாரம் அல்ல. அவருடைய பிழைப்பே அதில் இருக்கிறது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இரண்டும் ஒரே பாளையில் பிறந்தவைதான். பனையேறி பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். காலையும் மாலையும் மரம் ஏறிச் சீவ வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிவது தித்திப்பான சாறு. வடியும்போது அதில் போதை இல்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. அது பதநீர். அதைக் காய்ச்சினால் பனைவெல்லம்.

சுண்ணாம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் சாற்றில் சேரும். சர்க்கரையைத் தின்னும். சில மணி நேரத்தில் நுரை தள்ளும். சர்க்கரை குறைந்து போதை ஏறும். அதுதான் கள்.

மரம் தருவது சாறு மட்டுமே. மது தானாக வடிகிறது என்று எழுதியவர்கள் இந்தச் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை!

ஒயின் வேறு, கள் வேறு

திராட்சையைப் பிழிந்து புளிக்க வைத்தால் ஒயின். அதில் 100-க்கு 12 அல்லது 13 பங்கு ஆல்கஹால் இருக்கும். நல்ல ஒயினைப் பல ஆண்டுகள் வைத்திருப்பார்கள். வயது ஏற ஏற மதிப்பும் ஏறும்.

கள்ளில் பெரும்பாலும் 4 முதல் 6 பங்குதான். அது ஒரு நாள் கடந்தால் புளிப்பேறும். பிறகு காடியாகிவிடும். ஒயினுக்கு வயது அழகு. கள்ளுக்கு வயது எமன்!

சாராயம் இரண்டிலும் சேராது. புளித்ததை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து வடித்து எடுப்பது சாராயம். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயம் செய்கிறார்கள்.

ஊர் மாறிய சொல்

இந்தியில் பனைக்குத் "தாட்" என்று பெயர். அதன் கள் "தாடி". வெள்ளைக்காரர்கள் அதை "டாடி" ஆக்கினார்கள். அந்தச் சொல் கப்பலேறிப் போனது. போன இடத்தில், வெந்நீரும் சர்க்கரையும் கலந்த விஸ்கிக்கு அதே பெயர் வந்துவிட்டது!

ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் பதநீரை "ஸ்வீட் டாடி", அதாவது இனிப்புக் கள், என்று எழுதினார்கள். போதை இல்லாத பதநீருக்குக் கள்ளின் பெயர்!

அமெரிக்கச் சரக்கும் இந்த வம்பிலிருந்து தப்பவில்லை. அங்கே பர்பன் என்று ஒரு விஸ்கி. அதன் தானியத்தில் 100-க்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே தீயில் கரித்த புது ஓக் மரப் பீப்பாயில் அதை வைப்பார்கள். ஒயினைப் பற்றியே எழுதிப் பழகியவர்கள், அது புட்டியிலும் முதிரும் என்று எழுதிவிடுவது உண்டு. புட்டியில் அடைத்த பிறகு விஸ்கி முதிராது. கெண்டக்கி மாநிலத்தில் செய்தால்தான் பர்பன் என்பதும் தவறு. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் செய்யலாம்.

கள்ளும் கள்ளச்சாராயமும்

தமிழிலும் ஒரு குழப்பம் உண்டு. கள்ளச்சாராயம் என்றால் கள்ளிலிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அல்ல. கள்ளக்கணக்கு, கள்ள நோட்டு என்கிறோமே, அந்தக் "கள்ள" தான் இது. திருட்டுத்தனமாக விற்பது என்று பொருள்.

2023 மே மாதத்தில் இதே கடற்கரையில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. மொத்தம் 20 பேருக்கு மேல். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கொன்றது எது? மெத்தனால்! தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் ரசாயனம் அது. கண்ணைப் பறிக்கும். உயிரையும் பறிக்கும். எந்தப் பனையிலிருந்தும் அது வடியவில்லை.

இதைக் "கள் குடித்துச் சாவு" என்று ஒருவர் சொன்னால் இரண்டு தீமை நேரும். ஒரு பாவமும் அறியாத பனையேறிமேல் பழி விழும். விஷம் விற்றவன்மேல் மக்கள் கண் படாமல் போகும்.

கள் நல்லது என்று சொல்ல வரவில்லை. போதை தருவது எதுவும் குடும்பத்துக்கு நல்லதல்ல. காந்தியடிகள் கள்ளை எதிர்த்தார். ஆனால் பனையை எதிர்க்கவில்லை. பனைவெல்லத் தொழிலை ஆதரித்தார்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அது தருவது தித்திக்கும் சாறு. அதைப் பதநீராக்குவதும் கள்ளாக்குவதும் மனிதன் கை. அதற்குச் சரியான பெயர் சொல்வதும் அவன் வாய்தான்.