முதல் அறிகுறியிலேயே கணிக்கலாம். சட்டம் காத்திருப்பதோ 40 சதவீதத்துக்கு!

புது தில்லி: பெங்களூரில் தமிழர்கள் கணிசமாக வாழும் பழைய கண்டோன்மென்ட் பகுதிகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். அங்குள்ள பூங்காவில் காலை நடைக்குச் செல்லும் முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு கண்ணில் மட்டும் திடீரெனப் பார்வை மங்கி, கண்ணை அசைத்தால் வலியும் இருந்தால், சில வாரங்களில் அது தானாகவே குறைந்துவிடக்கூடும். கடினமான கேள்வி அதற்குப் பின்புதான் எழுகிறது. இது இத்துடன் முடிந்ததா, அல்லது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயின் தொடக்கமா?

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பு சக்தியே சிதைக்கும் நோய் இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது; பெண்களையே அதிகம் தாக்குகிறது.

யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டியே கணிக்க எம்.ஆர்.ஐ. படம் பெரிதும் உதவுகிறது. முதல் அறிகுறியுடன் வந்தவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த லண்டன் ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. தொடக்கப் படத்திலேயே வடுக்கள் தெரிந்தவர்களில் 82 சதவீதம் பேருக்குப் பின்னர் இந் நோய் உறுதியானது. படம் தெளிவாக இருந்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு மட்டுமே. 2017-ல் திருத்தப்பட்ட சர்வதேச விதிமுறைகள், முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக் கொண்டு, இரண்டாவது தாக்குதலுக்காகக் காத்திராமல் நோயை உறுதி செய்ய வழிவகுத்தன. முதல் தாக்குதலுக்குப் பிறகே இன்டர்பெரான் ஊசியைத் தொடங்கினால் அடுத்த தாக்குதல் தள்ளிப்போகிறது என்று 2000-லேயே ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஆனால் இந்தியாவில் அவசரமும் ஆபத்து. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயும் இதே வேடத்தில் வரும். அதற்கு இன்டர்பெரான் தந்தால் நிலைமை மோசமாகலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து இரண்டையும் பிரித்தறிந்தாக வேண்டும். இந் நோய் லட்சத்தில் ஏறத்தாழ 8 பேருக்கு இருப்பதாக மங்களூர் கணக்கெடுப்பு தெரிவித்தது. ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. சிறு ஊர்க்காரருக்கு?

சட்டத்தில் உள்ள இடைவெளி

மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதாவை 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த மல்லிகார்ஜுன் கார்கே. 2016-ல் அதை நிறைவேற்றிய அமைச்சர் தாவர்சந்த் கெலாட். 2021-ல் கர்நாடக ஆளுநராக நியமிக்கப்பட்டவர். ரூபாய் நோட்டு அமளியில் முடங்கிய அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் கட்சி பேதமின்றி நிறைவேறிய அபூர்வ மசோதா அது. 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆனது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் அதில் இடம்பெற்றது.

பெயர் இடம்பெற்றதே தவிர, முழுப் பயன் கிட்டவில்லை. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதத்தை எட்ட வேண்டும். அதிலும், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தரும் 34-வது பிரிவில் இந் நோயின் பெயரே இல்லை. பார்வைக் குறைபாடு, கை கால் முடக்கம் என வேறு தலைப்பின் கீழ்தான் நோயாளி உரிமை கோர வேண்டும். அதாவது, எதைத் தடுக்க மருத்துவர் போராடுகிறாரோ அது நிகழ்ந்த பிறகு.

உச்ச நீதிமன்றம் சற்று வழிகாட்டியிருக்கிறது. எழுதும்போது கை இறுகும் நரம்புக் கோளாறு உள்ள தேர்வர் ஒருவரின் வழக்கில், நியாயமான வசதிகளைப் பெற 40 சதவீதம் கட்டாயமல்ல என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அலுவலக வேலை நேரம், சிகிச்சை விடுப்பு ஆகியவற்றில் சலுகை கேட்கும் நோயாளிகளுக்கு இத் தீர்ப்பு கைகொடுக்கக்கூடும். எனினும் நீண்டகாலப் பாதிப்பு உள்ளவரையே சட்டம் மாற்றுத்திறனாளி என்கிறது. ஒருமுறை கண் மங்கிச் சரியானவர் அந்த வரையறைக்குள் வருவது கடினம்.

காப்பீட்டிலும் இதே கதைதான். தீவிர நோய்களுக்கான பாலிசிகளில் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வரையறைப்படி, இயக்கம் அல்லது உணர்வுப் பாதிப்பு தொடர்ந்து ஆறு மாதங்களாவது நீடித்திருந்தால்தான் இந் நோய்க்கு இழப்பீடு.