தடுப்பூசியும் மக்கள் நம்பிக்கையும்

கொள்ளை நோய்க் காலத்தில் மருந்து மட்டும் போதாது. அதனை வழங்குவோர்மீது மக்களுக்கு நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது என்பதை 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்று விளக்கும்.

கோவிட்-19 தடுப்பூசிகளுள் ஒன்றான அஸ்ட்ராஸெனெகா, மிக அரிதாகச் சிலருக்கு இரத்த உறைவை உண்டாக்குவதாக வெளிநாடுகளிலிருந்து செய்தி வந்தது. மக்கள் அஞ்சினர். அரசாங்கம் அதனை மறைக்கவில்லை, எவரையும் வற்புறுத்தவுமில்லை. ஆபத்தையும் பயனையும் எடுத்துரைத்து, விரும்புவோர் மட்டும் பதிந்துகொள்ளலாம் என அறிவித்தது. மே 2-ஆம் நாள் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பதிவு தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின.

அறிவுரை மாறும்போதும் ஐயம் எழுவதுண்டு. முகக்கவசம் பற்றிய தன் அறிவுரையை உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் மாற்றியது. புதிய நோயைப் பற்றிய அறிவு வளர வளர அறிவுரையும் மாறுவது இயல்பே. மாற்றத்தின் காரணத்தைக் கூறுவது அதிகாரிகளின் கடமை. கேட்டறிவது நமது உரிமை.

ஆகவே, பெரட்டுக்களத்தில் கேட்ட வதந்தியை வீட்டுக்குக் கொண்டு செல்லாதீர்கள். ஐயமிருப்பின் தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ கூசாமல் கேளுங்கள். கேட்டுத் தெளிந்தபின் முடிவு செய்யுங்கள்.