மேடையில் மடிக்கணினி: எந்த மென்பொருளை நம்புவது?

கீபோர்ட் கலைஞர்கள் பலர் இன்று பியானோ, வயலின் ஒலிகளை மடிக்கணினியிலுள்ள பிளகின்களிலிருந்தே எடுக்கிறார்கள். அவற்றைத் திறந்து, கீபோர்டுடன் இணைத்து, பாட்டுக்குப் பாட்டு மாற்றித் தருவது ஹோஸ்ட் மென்பொருள். நிகழ்ச்சி நடுவே அது நின்றுபோனால், சபையோர் குறை காண்பது வாசிப்பவரிடம்தான்.

முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள். அப்பிளின் மெயின்ஸ்டேஜ் மக் கணினிக்கு மட்டுமானது. அது விஎஸ்ரி பிளகின்களை ஏற்காது, ஓடியோ யுனிட் வகையையே ஏற்கும். கன்டாபிலே விண்டோஸுக்கானது, இலவசப் பதிப்பும் உண்டு. கிக் பெர்ஃபோர்மர் இரண்டிலும் இயங்கும்.

அடுத்தது தாமதம். 48,000 ஹேர்ட்ஸில் பஃபர் அளவு 512 என்றால், அதனால் மட்டும் 10.7 மில்லிசெக்கன் தாமதம். 128 என்றால் 2.7. மிகக் குறைத்தால் கணினி திணறி, ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். விண்டோஸ் பாவிப்போர் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துவது நல்லது.

மூன்றாவது, பாட்டு மாறும் கணம். அடுத்த பாட்டின் ஒலிகளை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கவும், அழுத்திய சுரம் அறுபடாமல் ஒலி மாற்றவும் முடியவேண்டும்.

வாங்குமுன் சோதனைப் பதிப்பை நிறுவி, வைஃபையை நிறுத்திவிட்டு, முழு நிகழ்ச்சியையும் இடைவிடாது வாசித்துப் பாருங்கள். வசதிகள் குறைவென்றாலும், அதில் தடுமாறாததையே தெரிவுசெய்யுங்கள்.