நோயாளிக்கும் ஒரு புனைபெயர்!

எழுத்தாளர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது தெரிந்த விஷயம். இப்போது நோயாளிகளுக்கும் புனைபெயர் உண்டு. சூட்டுவது கம்ப்யூட்டர்.

காசநோய், புற்றுநோய் பற்றி ஆராய்வோருக்கு ஆயிரக்கணக்கானவர்களின் மருத்துவக் குறிப்புகள் வேண்டும். ஆனால் காசநோய் என்று வெளியே தெரிந்தால் சிலருக்கு வேலையே போய்விடும்; வாடகை வீடும் போகும். எனவே குறிப்புகளை ஆராய்ச்சியாளரிடம் கொடுக்குமுன், பெயர், விலாசம், டெலிபோன் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டை மென்பொருள் போட்டுவிடுகிறது. அதற்கான ரகசியச் சாவி ஆராய்ச்சியாளரிடம் இராது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் கூறுகின்றன.

அகப்பட்ட கவர்னர்

பெயரை மட்டும் அடித்துவிட்டால் போதாதா? போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குத் தந்தார்கள். 1990-களில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். கவர்னர் வில்லியம் வெல்டு பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்நகரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய தபால் குறியீட்டு எண்ணில் வசித்தவர் அவர் ஒருவரே! கவர்னரின் மருத்துவக் குறிப்பு மாணவியின் கைக்கு வந்துவிட்டது. இதனால்தான் பிறந்த தேதிக்குப் பதில் வருடத்தை மட்டும் கொடுப்பது போன்ற ஏற்பாடுகளும் வேண்டியிருக்கின்றன.

ஒரு முருகன், இரு நோயாளி

நம்மவர்களுக்குத் தொல்லை வேறு இடத்தில். பெயரும் பிறந்த தேதியும் மாறாதிருந்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே சாவியில் அதே குறியீடு வரும். ஓர் எழுத்து மாறினாலோ, குறியீடே அடியோடு மாறிவிடும்.

ஊரில் கு. முருகன் என்று இருந்தவரிடம் மும்பையில் 'சர்நேம்' கேட்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் தகப்பனார் பெயரைச் சொல்கிறார், இன்னொன்றில் ஊர்ப்பெயரை. பெயரைப் பதியும் குமாஸ்தா ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ அடிக்கிறார். கணக்கில் இரண்டு நோயாளிகள் தோன்றுகிறார்கள். முதலாமவர் மருந்தைப் பாதியில் விட்டவர் என்று ஆராய்ச்சி சொல்லும்! உண்மையில் அவர் அடுத்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பெயரை இரண்டிரண்டு எழுத்தாகத் துண்டாக்கி மறைத்து, ஏறத்தாழ ஒத்துப்போவதையும் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உண்டு. எழுத்துப் பிழைக்கு அது உதவும். தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் ஊர்ப்பெயர் வந்தால் அதுவும் திணறும். பதிவு ஜன்னலில் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, அதிலுள்ளபடியே எழுதச் சொல்வதுதான் இப்போதைக்குச் சுலபமான வழி.