டப்பாவில் கப்பல் ஏறிய அன்னாசிப் பழம்!

பண்ருட்டிப் பலாப்பழத்தின் வாசனை ஊரையே தூக்கும். ஆனால், பழுத்த பழம் எத்தனை நாள் தாங்கும்? சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் அழுகிவிடும்.

சிங்கப்பூர் அன்னாசிப் பழத்துக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். கப்பலில் லண்டன் போய்ச் சேரப் பல வாரம் ஆகும். பழம் தாங்குமா?

தாங்க வைத்தது ஒரு தகர டப்பா!

சமையல்காரரின் யோசனை

உணவைக் கெடாமல் வைக்கும் வழியைக் கண்டவர், நிக்கோலஸ் அப்பேர் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர். உணவைப் பாட்டிலில் இட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, கொதிநீரில் வேக வைத்தார். 1810-ம் ஆண்டு அவருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 12 ஆயிரம் பிராங்க் பரிசு அளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், பாட்டிலுக்குப் பதில் தகர டப்பா வந்தது.

உணவு ஏன் கெடவில்லை? வெப்பத்தில் கிருமிகள் செத்துவிடுகின்றன. அடைத்த டப்பாவுக்குள் புதுக் கிருமி நுழைய முடியாது. இந்தக் காரணம் அப்பேருக்கே தெரியாது! பின்னாளில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானிதான் இதை விளக்கினார்.

சிங்கப்பூரில், 1875-ம் ஆண்டு வாக்கில், பாஸ்தியானி என்ற பிரெஞ்சு மாலுமி அன்னாசியை டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். பிறகு சீன வியாபாரிகள் இந்தத் தொழிலில் இறங்கினார்கள்.

பழத்தைச் சீவி, நடுத்தண்டை நீக்கி, துண்டு போட வேண்டும். சர்க்கரைப் பாகு ஊற்றி, மூடி, வேக வைக்க வேண்டும். அன்னாசிச் சாறு கைத்தோலை அரிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு தொழிலாளர்கள் உழைத்தார்கள்.

16 வயதில் வந்தவர்

டான் கா கீ என்பவர் 1890-ல், தம் 16-வது வயதில், சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார். தந்தையின் வியாபாரம் நொடித்தது. மகன் தளரவில்லை. 1904-ல் 7 ஆயிரம் வெள்ளி முதல் போட்டு அன்னாசித் தொழிற்சாலை தொடங்கினார்.

1906-ல் அன்னாசிச் செடிகளுக்கு நடுவே ரப்பர் நட்டார். ஏன் தெரியுமா? ரப்பர் மரம் பால் தர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை தோட்டச் செலவுக்கு அன்னாசி கைகொடுக்கும்!

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் எடுத்தவர்களில் பலர், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போன நம் தமிழர்கள்.

டான் கா கீ பெரும் செல்வர் ஆனார். 1921-ல் சீனாவில், அமாய் நகரில், ஒரு பல்கலைக்கழகமே நிறுவினார்.

கப்பல் நின்றது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. சரக்கு ஏற்றக் கப்பல் கிடைக்கவில்லை. அன்னாசி வியாபாரம் படுத்தது. போர் முடிந்தபின் மறுபடி நிமிர்ந்தது. 1930-களில், டப்பா அன்னாசி விற்பனையில் ஹவாய்த் தீவுக்கு அடுத்த இடம் மலாயாவுக்குத்தான். பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போயிற்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் ஆனது. ஏற்றுமதி அடியோடு நின்றது. தோட்டங்கள் காடாயின. போருக்குப் பிறகு, பக்கத்து ஜொகூரில் இந்தத் தொழில் மீண்டும் துளிர்த்தது. இன்றும் அங்கே அன்னாசி விளைகிறது.

நல்ல பழம் விளைந்தால் மட்டும் போதாது. தகரம் வேண்டும். சர்க்கரை வேண்டும். கப்பல் வேண்டும். அந்தக் கப்பல் போக, கடலில் அமைதியும் வேண்டும்!